ஜெயித்தவன் கூட்டிய பஞ்சாயத்து



இன்று நாம் பேசவேண்டிய விஷயமாகத் தலைவர் அவர்கள் குறிப்பிட்டது, "யுத்தக் குற்ற விசாரணைகள் நியாயமானவைதானா?" என்பதாகும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நடந்த சங்கதி, அதுவும் நடந்து எண்பது வருஷமாகிவிட்ட சங்கதி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நாம் சட்டப் பரீட்சை கொடுத்தவரல்ல. ஆனால் நியாயம் இன்னது அநியாயம் இன்னது என்று தெரிந்துகொள்வதற்குச் சன்னது வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லமுடியாது. படித்தவர்கள் எழுதிவைத்ததைப் பார்த்து, நமது புத்திக்குச் சரியென்று பட்டதை உங்கள் முன் வைக்கிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உரைத்துப் பாருங்கள், ஏற்றது நிற்கட்டும், ஏற்காததைத் தள்ளிவிடுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் தோற்றவனுக்காக அழுவதற்கு இங்கே வரவில்லை. ஹிட்லர் கூட்டத்தார் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். குழந்தை என்றும் கிழவி என்றும் பார்க்காமல், தொழிற்சாலையில் சரக்கு உற்பத்தி செய்வதுபோலக் கணக்கு வைத்துக்கொண்டு கொன்றார்கள். ஜப்பானியப் பட்டாளத்தார் 1937 டிசம்பரில் சைனாவிலே நாங்கிங் பட்டணத்தில் புகுந்து செய்ததைச் சபையில் சொல்லவே வாய் கூசுகிறது. இவற்றைச் செய்தவர்களை விசாரித்துத் தண்டித்தது தப்பு என்று சொல்ல நாம் தயாராயில்லை. ஜெயித்தவன் புராணம் எழுதினால் தோற்றவன் அசுரன் ஆகாமல் வேறு என்ன ஆவான் என்று நாம் வழக்கமாகக் கேட்பதுண்டு. ஆனால் இந்த யுத்தத்தில் தோற்றவன் மெய்யாகவே அசுரத் தொழில் செய்தவன். அதனால்தான் விஷயம் சுலபமாக இல்லாமல் சிக்கலாயிருக்கிறது. கெட்டவனை விசாரிக்கிறபோதுதான் விசாரணை எப்படி நடக்கிறதென்று யாரும் கவனிப்பதில்லை.

விசாரணையே இல்லாமல் முடித்துவிடலாம் என்ற யோசனையும் அன்று இருந்தது. 1943-ல் டெஹ்ரான் மகாநாட்டு விருந்தில், 50,000 ஜெர்மன் ஆபீசர்களைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஸ்டாலின் பேசினார். சர்ச்சில் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே சர்ச்சிலின் சர்க்கார், முக்கியமான தலைவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவராமல் சுட்டுவிடலாம் என்ற அபிப்பிராயத்தையே வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தது. இந்த யோசனைகளையெல்லாம் பார்க்கும்போது, எதிரிக்கு ஒரு வக்கீல், அவன் பேச ஒரு மேடை, கையெழுத்துப் போட்ட தஸ்தாவேஜு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வைத்தது எவ்வளவோ மேல். நூரம்பர்க்கில் தீர்ப்புக் கூறப்பட்ட 22 பேரில் 12 பேருக்குத்தான் மரண தண்டனை. 7 பேருக்கு ஜெயில். 3 பேரை விடுதலையே செய்தார்கள். முடிவை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு நடத்திய நாடகம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. நாஜிகள் தங்கள் கையாலேயே எழுதிவைத்த கணக்குகள் அங்கே வெளிவந்ததால்தான், அப்படியொன்றும் நடக்கவில்லை என்று பின்னால் கிளம்பிய புளுகர்களின் வாயை அடைக்க முடிந்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் நமது கேள்வி ஆரம்பிக்கிறது.

பஞ்சாயத்தார் யார்?

ஒரு கிராமத்தில் இரண்டு பங்காளிகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் கையிலும் அரிவாள். இருவர் வீட்டுக் கூரையும் எரிந்திருக்கிறது. கடைசியில் ஒருவன் மற்றவனைக் கட்டிப்போட்டுவிட்டு, தன் வீட்டுத் திண்ணையிலேயே பஞ்சாயத்துக் கூட்டுகிறான். பிராது கொடுக்கிறவன் அவன். சாட்சி அவன். நாட்டாண்மையாக உட்காருகிறவனும் அவனே. எந்தெந்தக் காரியம் குற்றம் என்று சண்டை முடிந்த பிறகு எழுதுகிறவனும் அவனே. கட்டிப்போடப்பட்டவன் பெரிய அயோக்கியனாகவே இருக்கட்டும். இதைப் பார்க்கிற ஊரார் என்ன சொல்வார்கள்?

நூரம்பர்க் கோர்ட்டுக்கு ஆதாரமான சட்டம் 1945 ஆகஸ்டு 8-ந் தேதி லண்டனில் கையெழுத்தாயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா, பிரான்சு ஆகிய நான்கு சர்க்கார்களும் சேர்ந்து எழுதியது. எழுதியவர்களில் அமெரிக்காவின் ஜாக்சன் பிறகு பிராசிக்யூட்டராக வந்தார். ருஷ்யாவின் நிகிட்சென்கோ ஜட்ஜாக உட்கார்ந்தார். பிரான்சின் பால்கோ மாற்று ஜட்ஜாக உட்கார்ந்தார். இந்த ஜட்ஜுகளை வேண்டாம் என்று ஆட்சேபிக்கும் உரிமை எதிரிகளுக்குக் கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அப்பீலும் கிடையாது. நமது தாலுகா கோர்ட்டில் நான்கு மரக்கால் நெல்லுக்கு வழக்கு நடந்தால்கூட, இந்த நீதிபதி என் எதிராளிக்கு மைத்துனர், வேறு கோர்ட்டுக்கு மாற்றுங்கள் என்று மனுப் போடலாம். அங்கே கழுத்துக்கே வழக்கு. ஆனால் மனுவுக்கு இடமில்லை.

அந்தத் தேதியையும் கவனியுங்கள். 1945 ஆகஸ்டு 6-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு. 8-ல் லண்டனில் மனித இனத்துக்கு விரோதமான குற்றங்களைத் தண்டிக்கச் சட்டம். 9-ல் நாகசாகியில் இரண்டாவது அணுகுண்டு. அந்த வருஷ முடிவுக்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும், நாகசாகியில் சுமார் 70,000 பேரும் செத்தார்கள். பெரும்பாலோர் பட்டாளத்தாரல்லர், ஊர் ஜனங்கள்.

ஜாக்சன் நல்ல பேச்சாளர். 1945 நவம்பர் 21-ந் தேதி கேஸைத் துவக்கிப் பேசும்போது அவர் ஒரு வாக்குறுதி கொடுத்தார். இந்தச் சட்டம் முதன்முதலாக ஜெர்மானியர் மேல் பிரயோகிக்கப்பட்டாலும், அது பயனுள்ள சட்டமாக வேண்டுமானால் மற்ற தேசத்தார் செய்யும் ஆக்கிரமிப்பையும் கண்டித்தாக வேண்டும், இங்கே ஜட்ஜுகளாக உட்கார்ந்திருக்கும் தேசத்தாரையும் சேர்த்து, என்பது அதன் கருத்து. கேட்கச் சந்தோஷமாயிருக்கிறது. இந்த வாக்குறுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் நாம் அளக்கப்போகிறோம்.

ருஷ்யாவின் ஆசனம்

அந்தக் கோர்ட்டிலே பெரிய குற்றம் என்று வைத்தது ஆக்கிரமிப்பு யுத்தம் நடத்துவது. ஜெர்மனி 1939 செப்டம்பர் 1-ந் தேதி போலந்தில் புகுந்தது குற்றம். சரி. செப்டம்பர் 17-ந் தேதி கிழக்குப் பக்கமாக அதே போலந்தில் புகுந்தவர் யார்? ருஷ்யா. நவம்பர் 30-ந் தேதி பின்லாந்தின்மேல் பாய்ந்தவர் யார்? ருஷ்யா. அதற்காகவே டிசம்பர் 14-ந் தேதி சர்வதேச சங்கத்திலிருந்து தள்ளப்பட்டவரும் அவரே. போலந்தை இன்ன கோட்டில் இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்வது என்று 1939 ஆகஸ்டில் இருவரும் எழுதிக்கொண்ட இரகசிய உடன்படிக்கையின் நகலை, எதிரித் தரப்பு வக்கீல் ஒருவர் நூரம்பர்க்குக்கே கொண்டுவந்தார். எங்கிருந்து கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை; ஆகையால் அதைத் தஸ்தாவேஜாக ஏற்க முடியாது என்று கோர்ட்டார் தள்ளிவிட்டார்கள். அப்படி ஒரு உடன்படிக்கை இருந்தது என்று ருஷ்ய சர்க்கார் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 1989-ல். கொள்ளையில் கூட்டாளியாயிருந்தவன் நீதிபதியாக உட்கார்ந்து மற்றக் கூட்டாளிக்குத் தூக்குத் தண்டனை விதித்தான் என்றால், அந்தத் தூக்கு கொள்ளைக்கா, தோற்றதற்கா?

இதைவிட மோசமானது கட்டீன் காட்டுச் சங்கதி. அந்தக் காட்டில் போலிஷ் ஆபீசர்களைச் சுட்டுப் புதைத்திருந்தார்கள். 11,000 பேரை ஜெர்மானியர் கொன்றதாக ருஷ்யப் பிராசிக்யூட்டர்கள் குற்றப்பத்திரிகையிலேயே எழுதினார்கள். 1946 ஜூலையில் இரு தரப்பிலும் மூன்று மூன்று சாட்சிகளை விசாரித்தார்கள். ருஷ்யத் தரப்புச் சாட்சியம் நிற்கவில்லை. பிறகு தீர்ப்பு வந்தது. அதில் கட்டீன் என்ற பேச்சே இல்லை! கொன்றது ஜெர்மானியர் என்றும் சொல்லவில்லை. அவர்களல்ல, அப்படியானால் யார் என்றும் கேட்கவில்லை. கேட்டால், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கட்டீனிலும் மற்ற இடங்களிலுமாகச் சுமார் 22,000 போலிஷ்காரரைக் கொன்றது ஸ்டாலினுடைய போலீஸ் என்பதை ருஷ்யா ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரலில். ஸ்டாலினும் சகாக்களும் கையெழுத்திட்ட உத்தரவு வெளிவந்தது 1992-ல். கொலைகாரனே மற்றொருவன்மேல் அந்தக் கொலையைச் சாட்டிப் பிராது கொடுத்த கோர்ட்டு வேறு எங்காவது உண்டா என்று நாம் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

நாமும் செய்தோம், ஆகவே குற்றமல்ல

ருஷ்யாவை மாத்திரம் சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டால் நாமும் அதே கோர்ட்டார் ஆகிவிடுவோம். டோனிட்ஸ் என்கிற ஜெர்மன் கடற்படைத் தலைவரின் வழக்கைப் பாருங்கள். எச்சரிக்கை கொடுக்காமல் நீர்மூழ்கிக் கப்பலால் வியாபாரக் கப்பல்களை மூழ்கடித்தார் என்பது அவர் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸுக்குக் கேள்விகள் எழுதியனுப்பிப் பதில் வாங்கினார். பசிபிக் சமுத்திரத்தில் யுத்தத்தின் முதல் நாளிலிருந்தே அமெரிக்க நீர்மூழ்கிகளும் அப்படித்தான் செய்தன என்று நிமிட்ஸ் யோக்கியமாக எழுதிக்கொடுத்துவிட்டார். கோர்ட்டார் என்ன செய்தார்கள்? டோனிட்ஸுக்கு 10 வருஷம் போட்டார்கள். ஆனால் நீர்மூழ்கி யுத்த விதிகளை மீறியதற்காக அந்தத் தண்டனை அல்ல என்றும் எழுதினார்கள்.

தோழர்களே! இந்த இடத்தைத்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இரண்டு பேரும் செய்த காரியம் குற்றமானால் இரண்டு பேரையும் தண்டிக்கவேண்டும் என்பது ஒரு முறை. நாமும் செய்தோம், ஆகவே அதைக் குற்றக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவோம் என்பது மற்றொரு முறை. அவர்கள் பிடித்தது இரண்டாவது முறையை. டோனிட்ஸுக்கு இதனால் லாபம் வந்தது. நஷ்டம் யாருக்கு? கப்பலோடு மூழ்கினவனுக்கும், இனிமேல் மூழ்கப்போகிறவனுக்கும்.

ஆகாயத்திலிருந்து ஊர்களின்மேல் குண்டு போட்ட விஷயமும் இப்படியே. ஜெர்மானியர் வார்சாவிலும், ராட்டர்டாமிலும், லண்டனிலும் போட்டார்கள். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் போட்டார்கள். டோக்கியோவில் 1945 மார்ச் 9-ந் தேதி இரவு அமெரிக்க விமானங்கள் போட்ட நெருப்புக் குண்டில், மரத்தாலும் காகிதத்தாலும் கட்டிய வீடுகளோடு சுமார் ஒரு லட்சம் பேர் வெந்து செத்தார்கள். நூரம்பர்க்கிலே ஊர்களின்மேல் குண்டு போட்டதற்காக எந்த ஜெர்மானியனும் தண்டிக்கப்படவில்லை. ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

ஜெயித்தவர் நீதியில் உள்ள பெரிய கெடுதல் தோற்றவனுக்கு அநீதி நடந்துவிட்டது என்பதல்ல. அவர்களில் பலர் அதற்குத் தகுந்தவர்களே. ஜெயித்தவன் செய்த குற்றம் கோர்ட்டுக்கே வராமல் போகிறது. வராமல் போன குற்றம் குற்றமல்லாமல் ஆகிறது. அடுத்த யுத்தத்தில் அதுவே வழக்கமாகி, பிறகு உரிமையாகிவிடுகிறது. ஊர் ஜனங்களின்மேல் கண்மூடித்தனமாகக் குண்டு போடுவதைத் தெளிவாகத் தடுத்து ஒரு சர்வதேச உடன்படிக்கை எழுதுவதற்கு 1977 வரை ஆயிற்று. அதற்குள் கொரியா எரிந்தது, வியட்நாம் எரிந்தது, லாவோஸும் கம்போடியாவும் எரிந்தன. இரண்டாவது உலக யுத்தம் முழுவதிலும் அமெரிக்கா போட்டதைவிட அதிக எடைக் குண்டை இந்தச் சிறு தேசங்களின்மேல் போட்டார்கள். ஹிரோஷிமாவுக்கு யாராவது கூண்டில் நின்றிருந்தால் இவ்வளவும் நின்றிருக்கும் என்று நாம் ஜோசியம் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு ஒரு தீர்ப்பாவது கையில் இருந்திருக்கும்.

டோக்கியோவில் நடந்தது

இனி ஆசியாவுக்கு வருவோம். டோக்கியோ விசாரணை 1946 மே 3-ந் தேதி ஆரம்பித்து, 1948 நவம்பர் 12-ந் தேதி தீர்ப்பு முடிந்தது. 28 பேர் எதிரிகள். இருவர் நடுவில் செத்தார்கள். ஒருவருக்குச் சித்தம் சரியில்லை என்று விலக்கினார்கள். மீதி 25 பேரும் குற்றவாளிகள். 7 பேருக்குத் தூக்கு.

ஜட்ஜுகள் 11 பேர். தலைமை வகித்த ஆஸ்திரேலியாவின் வெப், அதற்கு முன்னாலேயே தமது சர்க்காருக்காக ஜப்பானியர் செய்த கொடுமைகளை விசாரித்து ரிப்போர்ட்டு எழுதியவர். பிலிப்பைன்ஸ் ஜட்ஜு ஜரனில்லா, ஜப்பானியர் கைதிகளை நடத்தியே கொன்ற பட்டான் மரண நடையில் தாமே அகப்பட்டு உயிர் தப்பினவர். அவர் பட்ட துன்பத்திற்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அடிபட்டவனுக்குச் சாட்சிக் கூண்டு இருக்கிறது. அவனை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தது யாருடைய தப்பு? ருஷ்யாவுக்கும் இங்கே ஒரு நாற்காலி. நடுநிலைமை உடன்படிக்கை அமுலில் இருக்கும்போதே 1945 ஆகஸ்டு 8-ல் ஜப்பான்மேல் யுத்தம் தொடுத்த ருஷ்யாவை, ஜப்பான் ஆக்கிரமித்தது என்று தீர்ப்பாயிற்று!

இதைவிட நமக்கு உறைப்பது, யார் உட்கார்ந்தார்கள் என்பதல்ல. யாருக்கு நாற்காலி இல்லை என்பதே. 35 வருஷம் ஜப்பானியர் காலின்கீழ் கிடந்த கொரியாவுக்கு ஜட்ஜு இல்லை. மலேயாவுக்கு இல்லை. பர்மாவுக்கு இல்லை. இந்தோனேஷியாவுக்கு இல்லை, அதற்குப் பதிலாக அந்தத் தேசத்தை அடிமை கொண்டிருந்த டச்சுக்காரருக்கு இருந்தது. வியட்நாமுக்கு இல்லை, பிரெஞ்சுக்காரருக்கு இருந்தது. முதலில் போட்ட ஏற்பாட்டில் 9 தேசம்தான். இந்தியாவையும் பிலிப்பைன்ஸையும் பிறகுதான் சேர்த்தார்கள். அதாவது, திருடன் புகுந்து அடித்தது குடியானவனை. பிராது கொடுத்ததும் தீர்ப்புச் சொன்னதும் மிராசுதார்.

அந்த மிராசுதார்கள் அப்போது சும்மா இருந்தார்களா? டோக்கியோவில் விசாரணை நடக்கும்போதே, 1946 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் ஹைபோங் பட்டணத்தைக் கப்பல் பீரங்கியால் சுட்டார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1947 டிசம்பர் 9-ந் தேதி டச்சுப் பட்டாளம் ஜாவாவில் ராவகெடே என்ற கிராமத்தில் புகுந்து ஆண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சுட்டது. 431 பேர் என்பது அந்த ஊரார் கணக்கு. அதற்காக ஒரு சிப்பாய்கூடக் கூண்டில் ஏறவில்லை. 2011-ல்தான் ஹேக் நகரக் கோர்ட்டு, விதவைகளுக்கு டச்சு சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும் என்று சொல்லிற்று. அதற்குள் 64 வருஷம்.

1948-ல் டச்சுக்காரர் படேவியாவில் நடத்திய வழக்கு ஒன்றையும் சொல்லவேண்டும். செமராங்கில் 35 டச்சுப் பெண்களை ஜப்பானிய ஆபீசர்கள் பலவந்தமாகப் பட்டாள விபசார விடுதிகளில் அடைத்து வைத்ததற்கான வழக்கு அது. தண்டித்தார்கள், ஒருவருக்கு மரண தண்டனையும் நிறைவேற்றினார்கள். செய்தது மிகச் சரி. ஆனால் அதே மாதிரி விடுதிகளில் அடைக்கப்பட்ட கொரியப் பெண்கள், சைனப் பெண்கள், ஜாவாப் பெண்கள் எத்தனை ஆயிரம்! டோக்கியோவில் அது தனிக் குற்றமாகக்கூட எழுதப்படவில்லை. பெண் என்பதற்காக ஒரு நியாயம் கிடைக்கவில்லை. வெள்ளைப் பெண் என்பதற்காக 35 பேருக்குக் கிடைத்தது.

தப்பித்தவர்களின் ஜாபிதாவைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. யார் பெயரால் யுத்தம் நடந்ததோ அந்தச் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவை எதிரியாகவும் சேர்க்கவில்லை, சாட்சியாகவும் கூப்பிடவில்லை. அவர் இருந்தால் ஜப்பானை ஆளச் சுலபம் என்று அமெரிக்கத் தளபதி மக்கார்தர் முடிவு செய்துவிட்டார். அவர் 1989 வரை சிம்மாசனத்தில் இருந்தார். பிரெஞ்சு ஜட்ஜு பெர்னார் இதைச் சுட்டிக்காட்டி மாறுபாடு எழுதினார். மஞ்சூரியாவில் உயிரோடு மனிதர்களை அறுத்தும், நோய்க் கிருமிகளை ஏற்றியும் பரீட்சை பார்த்த 731-வது படையின் தலைவன் இஷீ என்பவனை, அவனிடமிருந்த பரீட்சைக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கர் விட்டுவிட்டார்கள். ருஷ்யர் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்கில் அந்தப் படையைச் சேர்ந்தவர்கள் உட்பட 12 பேரை விசாரித்தபோது, அது வெறும் பிரசாரம் என்று அமெரிக்கர் சொன்னார்கள். இஷீ 1959-ல் நோயால்தான் செத்தான். 7 பேரைத் தூக்கிலிட்டது 1948 டிசம்பர் 23-ந் தேதி. மறுநாள் 24-ந் தேதி, அதே ஜெயிலில் இருந்த கிஷி என்ற மந்திரியை விசாரணையில்லாமலே விடுதலை செய்தார்கள். அவர் 1957-ல் ஜப்பானுக்குப் பிரதம மந்திரி! ஜெர்மனியிலும் இதே கதைதான். அடிமைக் கூலிகளை வைத்துப் பீரங்கி செய்த குருப் முதலாளிக்கு 1948-ல் 12 வருஷம் போட்டு, 1951-ல் சொத்தோடு வெளியே விட்டார்கள். ருஷ்யாவோடு சண்டை மூண்டுவிட்டது. பழைய எதிரி தேவைப்பட்டான். நியாயம் அவ்வளவுதான் தாங்கியது.

அப்படியானால் கடைசிவரை தண்டனை அனுபவித்தவர் யார்? ஜப்பானியர் தங்கள் பட்டாளத்தில் காவற்காரராகச் சேர்த்த கொரிய வாலிபர்களைக் கேளுங்கள். யுத்தக் குற்றவாளிகளென்று 148 கொரியர் தண்டிக்கப்பட்டு, 23 பேர் மரண தண்டனை அடைந்தார்கள். அவர்களில் கொடுமை செய்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1952-ல் ஜப்பான் சுதந்தரம் அடைந்தபோது, நீங்கள் இனி ஜப்பானியரல்ல என்று உபகாரச் சம்பளம் கிடையாது என்றார்கள். குற்றம் செய்தபோது ஜப்பானியராயிருந்தீர்கள், ஆகவே ஜெயிலில் இருங்கள் என்றார்கள். சம்பளத்துக்கு அந்நியன், தண்டனைக்குச் சொந்தக்காரன்.

பால் எழுதிய தீர்ப்பு

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இந்திய ஜட்ஜு ராதாபினோத் பால் எல்லோரையும் விடுதலை செய்யவேண்டும் என்று எழுதினாராமே, அதுதானே உங்கள் கருத்தும்?" என்று கேட்கிறார். அல்ல.

பால் வங்காளத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தா ஹைகோர்ட்டு ஜட்ஜாக இருந்தவர். பதினொரு பேரில் அவர் ஒருவரே 25 பேரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கவேண்டும் என்று 1,200 பக்கங்களுக்கு மேல் எழுதினார். அதைக் கோர்ட்டில் படிக்கக்கூட விடவில்லை. அமெரிக்கர் ஆண்ட காலம் முடியும்வரை ஜப்பானில் அச்சிடவும் விடவில்லை. அவர் கேட்ட கேள்விகள் மிகவும் சரியானவை. யுத்தம் தொடுத்ததற்குத் தனி மனிதனைத் தூக்கிலிடலாம் என்று யுத்தத்திற்கு முன் எந்தச் சட்டம் சொல்லிற்று என்றார். பசிபிக் யுத்தத்தில் நாஜித் தலைவர்களின் உத்தரவுகளுக்குக் கிட்டத்தில் வரக்கூடியது ஒன்று உண்டானால் அது அணுகுண்டு போட எடுத்த முடிவுதான் என்று, அந்தக் குண்டு போட்டவர்களின் கோர்ட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். அந்தத் தைரியம் சாமானியமல்ல.

ஆனால் கேள்வி சரியாயிருந்தால் விடையும் சரியாயிருக்கும் என்பதில்லை. யுத்தம் தொடுப்பது அதற்குமுன் குற்றமா என்பதில் வாதம் உண்டு, ஒப்புக்கொள்ளுகிறோம். கைதியின் தலையை வெட்டுவதும், குழந்தையைக் குத்துவதும் குற்றம் என்று எந்தச் சட்டப் புஸ்தகம் வந்து சொல்லவேண்டும்? ஜப்பானியப் பட்டாளம் பயங்கரக் கொடுமைகள் செய்தது என்பதைப் பால் தாமே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். தலைவர்களின் உத்தரவு ருஜுவாகவில்லை என்பதே அவர் வாதம். இன்று ஜப்பானில் சிலர் அந்த ஒப்புதலை மறைத்துவிட்டு, விடுதலையை மாத்திரம் கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள். தூக்கிலிடப்பட்டவர்களை வைத்துக் கும்பிடும் யாசுகுனி கோவிலிலேயே 2005-ல் பாலுக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். இரண்டு திருடர்களில் ஒருவனைத்தான் பிடித்தார்கள் என்றால், மற்றவனையும் பிடி என்பது நியாயமே ஒழிய, பிடித்தவனுக்கு மாலை போடு என்பதல்ல. இந்தியர் எழுதியது, ஆகவே நாம் பெருமைப்பட வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஜட்ஜு எந்த ஊர்க்காரன் என்று பார்த்துத் தீர்ப்பை ஏற்பது, எதிரி எந்த ஊர்க்காரன் என்று பார்த்துத் தண்டிப்பதன் அண்ணன் தம்பி.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். சுவீடன், ஸ்விட்சர்லாந்து போன்ற யுத்தத்தில் சேராத தேசங்கள் இருந்தன. ஒரு ஜட்ஜைக்கூட அங்கிருந்து அழைக்கவில்லை. ஹிட்லரின் ஜெயிலில் கிடந்து வெளிவந்த ஜெர்மானியரும் இருந்தார்கள். கொரியரும் ஜாவாக்காரரும் இருந்தார்கள். ஜெயித்தவனைப் பிடித்துக்கொண்டு வர ஆளில்லை என்பது மெய்தான். தன் ஆளைத் தன் கோர்ட்டிலாவது நிறுத்தியிருக்கலாமே! டோக்கியோவை எரித்த விமானப்படைத் தளபதி லெமேயின்கீழ் கணக்கராயிருந்தவர், பின்னால் அமெரிக்காவின் யுத்த மந்திரியான மக்னமாரா. நாம் தோற்றிருந்தால் நம்மை யுத்தக் குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமேயே தம்மிடம் சொன்னதாக 2003-ல் வந்த ஒரு சினிமாப் படத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த லெமேக்கு 1964-ல் உயர்ந்த பட்டம் ஒன்று கொடுக்கப்பட்டது. கொடுத்தது ஜப்பான் சர்க்கார்!

ஜாக்சன் கொடுத்த வாக்குறுதிக்கு வருவோம். 1998-ல் ரோமாபுரியில் எழுதி 2002-ல் அமுலுக்கு வந்த சர்வதேசக் குற்றக் கோர்ட்டு ஒன்று ஹேக் நகரில் இருக்கிறது. ஜெயித்தவன், தோற்றவன் என்ற பேதமில்லாமல் விசாரிக்கவேண்டும் என்பது அதன் உத்தேசம். அதில் அமெரிக்கா சேரவில்லை. ருஷ்யா சேரவில்லை. சைனாவும் சேரவில்லை. இந்தியாவும் சேரவில்லை என்பதை நாம் மறைக்கக்கூடாது. தங்கள் ஆட்களை அந்தக் கோர்ட்டு பிடித்துவைத்தால் எந்த வழியாலும் விடுவித்துக் கொண்டுவர ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்து 2002-லேயே அமெரிக்கா சட்டம் செய்து வைத்துக்கொண்டது. நூரம்பர்க்கில் ஜட்ஜாயிருந்த இரண்டு பெரிய தேசங்கள், அந்தச் சட்டம் தங்கள் வாசற்படி ஏறாமல் பார்த்துக்கொள்கின்றன.

மற்றொரு சீட்டு வந்திருக்கிறது. "சயாம் ரயில் பாதையில் செத்த நம் தமிழர்களுக்கு ஏதாவது விசாரணை நடந்ததா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். ஆரம்பத்தில் சம்பந்தம் என்ன என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 1942-43-ல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஜப்பானியர் ஆயிரம் ஆயிரமாக லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும், மலேரியாவிலும், பட்டினியிலும், அடியிலும் செத்தார்கள். அதே பாதையில் வேலை செய்த யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குப் பெயர், படை எண், செத்த தேதி எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் பட்டாளக் கோர்ட்டுகள் 1946 முதல் யுத்தக் குற்ற வழக்குகள் நடத்தின. ரயில் பாதை வழக்குகளும் நடந்தன, தூக்கும் விழுந்தது. பெரும்பாலும் அவை கைதிகளுக்கு நேர்ந்ததைப் பற்றிய வழக்குகள். கூலிகளைப் பற்றிய பேச்சும் சிலவற்றில் வந்தது. ஆனால் செத்த கூலிகள் கைதிகளைவிடப் பல மடங்கு என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

சயாமில் காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் மயானம் இருக்கிறது. சுமார் 6,900 கல்லறைகள். வரிசை வரிசையாக, பெயர் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்ற வேண்டியதுதான். தோட்டத்திலிருந்து போன நம்மவர் எத்தனை பேர் என்பதற்கு, செத்தவர்களின் பெயர் ஜாபிதா என்று ஒன்று எழுதப்படவே இல்லை.